மூடாமல் விட்ட குழி

தியானப் பகுதி: யாத்திராகமம் 21:33, 34

இந்த வாரம் மிகச் சிறிய ஒரு பொருளைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். கார் சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரிதான் அது. போதகருக்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் நம்முடைய ஆலயத்திலும் தவழ்ந்து விளையாடுகிற பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம் இது. தயவுசெய்து முடிவு வரை வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிறு பிற்பகலில், செக்கானூரணியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தில் வீட்டு ஜெபக்கூட்டத்தை முடித்துவிட்டு வெளியே வந்தேன். வெயில் தணியாத நேரம். சாவியின் பொத்தானை அழுத்தினேன். கார் கதவு திறக்கவில்லை. மீண்டும் அழுத்தினேன். சாவியில் எரியும் சிறு விளக்கும் எரியவில்லை. உண்மையைச் சொன்னால், இரண்டு வாரங்களாகவே அந்தச் சாவி என்னை எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. முன்பெல்லாம் தெருமுனையிலிருந்து அழுத்தினாலே திறந்துகொண்ட கதவு, பிறகு அருகே போய் அழுத்தினால்தான் திறந்தது. அதன்பின் இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. வண்டியின் முகப்பிலும் சாவியின் பேட்டரி குறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவன் நான்தான்.

அந்தக் கிராமத்து வாலிபன் ஒருவன் எனக்கு உதவினான். சாவியின் ஓரத்தில் இருந்த சிறிய பிடியைத் தள்ளி, உள்ளே ஒளிந்திருந்த இரும்புச் சாவியை வெளியே எடுத்தான். அதைக் கொண்டு கதவைத் திறந்தோம். பிறகு ரிமோட் சாவியை வண்டியை இயக்கும் பொத்தானின்மேல் ஒட்டினாற்போல் வைத்து அழுத்தச் சொன்னான். வண்டி கிளம்பிவிட்டது. சாவிக்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு சிறிய சில்லு இருக்கிறது. மிக அருகில் கொண்டுபோனால், வண்டியே அதற்கு வேண்டிய மின்சக்தியைக் கொடுத்து, அது தன்னுடைய சாவிதானா என்று அடையாளம் கண்டுகொள்கிறது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டி உங்களிடம் இருந்தால், இந்த வழியை வண்டியோடு வந்த கையேட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் குடும்பத்தோடு நிற்க நேர்ந்தால் உதவும்.

மறுநாள் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடிகாரக் கடையில் புதிய பேட்டரி வாங்கினேன். சிஆர் 2032 என்று அதன்மேல் பொறித்திருக்கும். அந்த எண்ணே அதன் அளவைச் சொல்லிவிடுகிறது. குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். லித்தியத்தால் ஆனது, 3 வோல்ட் மின்னழுத்தம் உடையது. வேறு சில சாவிகளில் இதைவிட மெல்லியதோ சிறியதோ இருக்கும். ஆகவே பழையதில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ளதை வாங்க வேண்டும். மாற்றுவது கடினமான வேலையன்று. இரும்புச் சாவியை உருவிவிட்டு, மூடியின் இடுக்கில் துணி சுற்றிய தட்டை முனைத் திருப்புளியை நுழைத்து மெதுவாக நெம்பினால் மூடி பிரியும். பழைய பேட்டரியின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கவனித்துக்கொண்டு, புதியதையும் அவ்வாறே வைத்து, மூடியை அழுத்திப் பொருத்த வேண்டும். பத்து நிமிட வேலை. நான் என் மேசையிலேயே அமர்ந்து அதைச் செய்து முடித்தேன். கதவு ஒரே அழுத்தத்தில் திறந்தது. மனநிறைவோடு எழுந்து போனேன்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால், உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பிரசங்கம் கிடைத்திருக்கும். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் பத்துக் கன்னிகைகளைப் பார்க்கிறோம். ஐந்து பேர் எண்ணெய் எடுத்துப் போனார்கள், ஐந்து பேர் எடுத்துப் போகவில்லை. நள்ளிரவில் மணவாளன் வந்தபோது கதவு அடைபட்டது. "உங்கள் ஜெப வாழ்வின் பேட்டரி குறைந்துவிட்டதா? எச்சரிப்பின் விளக்கு எரிகிறதா?" என்று கேட்டு ஆமென் சொல்லி முடித்திருக்கலாம். இப்படி நானும் பிரசங்கித்திருக்கிறேன். அது தவறான போதனையன்று. ஆனால் அது பாதிப் போதனை என்பதை அந்தத் திங்கட்கிழமை மாலை கர்த்தர் எனக்குக் காட்டினார்.

அன்று மாலை நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயார், ஜெபித்துக்கொள்வதற்காகத் தன் ஒன்றரை வயதுப் பேரனோடு வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகனுடைய வேலைக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். வேதத்தை எடுக்க நான் அலமாரிப் பக்கம் திரும்பினேன். பிள்ளை மேசையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். திடீரென்று அந்தத் தாயார் அவன் கையைப் பற்றி இழுத்தார்கள். "ஐயா, எதையோ வாயில போடப் போனான். காசுன்னு நெனச்சேன்" என்று சொல்லித் தன் உள்ளங்கையை நீட்டினார்கள். காலையில் நான் கழற்றிப்போட்ட பழைய பட்டன் பேட்டரி அதிலே பளபளத்தது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தாயார் சொன்ன அடுத்த வார்த்தை. "மன்னிச்சுக்கங்கய்யா, நான்தான் பிள்ளையப் பாக்காம விட்டுட்டேன்" என்றார்கள். என் மேசை, என் பேட்டரி, என் கவனக்குறைவு. மன்னிப்புக் கேட்டதோ அவர்கள்! "இல்லையம்மா, தவறு என்னுடையது" என்று நான் சொன்னேன். அவர்கள் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

பிரியமானவர்களே, இந்தச் சிறு வில்லை ஒரு பிள்ளையின் உள்ளே போனால் என்ன செய்யும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. காசை விழுங்கினால் அநேகமாக மலத்தோடு வெளியே வந்துவிடும் என்று நாம் கேட்டிருக்கிறோம். இதையும் அப்படியே எண்ணிவிடுகிறோம். இது காசு அன்று. ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் உடைய இந்த வில்லை, சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் எளிதில் சிக்கிக்கொள்ளும். அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் தொடங்கும். அதனால் அந்த இடத்திலேயே கடுமையான காரம் உண்டாகி, சதையை எரிக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே பெரும் புண் உண்டாகலாம். உணவுக்குழாயில் ஓட்டை விழலாம். பக்கத்தில் செல்லும் இரத்தக்குழாய் வரைக்கும் அந்தப் புண் போகலாம். பேட்டரியை வெளியே எடுத்த பிறகும் சில நாள்கள் அபாயம் நீடிப்பதுண்டு.

இதில் நாம் ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. சாவியை இயக்கும் அளவுக்குச் சக்தி இல்லாமல் போன பேட்டரியைச் 'செத்துப்போன பேட்டரி' என்கிறோம். அது சாகவில்லை. கதவைத் திறக்கத்தான் அதற்குப் பலம் போதவில்லை; ஒரு குழந்தையின் தொண்டையைப் புண்ணாக்குகிற பலம் அதில் இன்னும் மீதி இருக்கிறது. நமக்குப் பயன்படாமல் போனதெல்லாம் வலுவிழந்து போனது என்று நினைப்பது பெரிய தவறு.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 2020 டிசம்பரில், ரீஸ் என்ற பதினெட்டு மாதப் பெண் குழந்தை இப்படித்தான் மரித்துப்போனாள். ஒரு ரிமோட்டிலிருந்து வந்த பட்டன் பேட்டரியை அவள் விழுங்கியிருந்தாள். தொடக்கத்தில் சாதாரணச் சளித் தொல்லை போலவே அது தோன்றியது. அவளுடைய தாய் தன் துக்கத்தோடு வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. வேறொரு பிள்ளைக்கு இது நேரக்கூடாது என்று போராடினாள். அதன் பலனாக 2022 ஆகஸ்டில் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. பட்டன் பேட்டரி உள்ள வீட்டுப் பொருள்களின் மூடி பிள்ளைகள் கையால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும், எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அந்தச் சட்டத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரையே வைத்தார்கள்.

அன்றிரவு வேதத்தைத் திறந்தபோது என் கண்ணில் பட்ட பகுதியே இந்த வாரத் தியானப் பகுதி. ஒருவன் ஒரு குழியைத் திறந்தோ, புதிதாக வெட்டியோ, அதை மூடாமல் விட்டு, ஒரு மாடோ கழுதையோ அதில் விழுந்துபோனால், குழிக்கு உடையவன் அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். இந்தச் சிறு கட்டளையில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, குழி வெட்டுவது பாவம் என்று கர்த்தர் சொல்லவில்லை. வறண்ட தேசத்தில் தண்ணீருக்குக் குழி வேண்டும். இது மதுரைச் சமவெளியில் வாழும் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வைகை வற்றும் காலத்தில் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் நம்மைக் காப்பாற்றுகின்றன. அதுபோலவே கார் வைத்திருப்பதும், சாவியில் பேட்டரி மாற்றுவதும் குற்றமன்று. திறந்ததை மூடாமல் போவதே குற்றம்.

இரண்டாவது, குழி வெட்டினவனுடைய நோக்கத்தைக் கர்த்தர் விசாரிக்கவில்லை. மாடு விழ வேண்டும் என்று எவனும் குழி வெட்டுவதில்லை. "நான் வேண்டுமென்றே செய்யவில்லையே" என்பது அங்கே பதிலாகாது. நல்ல மனதும் மறதியும் ஒரே மனிதனிடத்தில் இருக்கலாம். என்னிடத்தில் இருந்தன.

மூன்றாவது காரியமே என் உள்ளத்தைக் குத்தியது. கர்த்தர் யாரிடம் கணக்குக் கேட்கிறார்? "உன் மாட்டை நீ ஏன் ஒழுங்காக மேய்க்கவில்லை?" என்று மாட்டுக்காரனிடம் அவர் கேட்கவில்லை. "உன் குழியை ஏன் மூடவில்லை?" என்று குழிக்காரனிடம் கேட்கிறார். நாமோ இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் தெருவில் எழும் முதல் கேள்வி, "பெத்தவ எங்கே போனா?" என்பதுதான். அந்தத் தாயார் என்னிடத்தில் மன்னிப்புக் கேட்டதும் இந்தப் பழக்கத்தினால்தான். கண் இமைக்காமல் பார்த்துக்கொள்ள எந்தத் தாயாலும் முடியாது. தவழ்ந்து வந்து கையில் அகப்பட்டதை வாயில் வைப்பது பிள்ளையின் இயல்பு. அந்த இயல்பை அறிந்து குழியை மூட வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம். என் கருத்து இதுதான், இதை உறுதியாகவே சொல்கிறேன்: புதிய பேட்டரியைப் போட்டதும் நம்முடைய வேலை முடிந்துவிடவில்லை. பழைய பேட்டரி எந்தப் பிள்ளைக்கும் எட்டாத இடத்துக்குப் போனபோதுதான் முடிகிறது. அதற்குரிய பொறுப்பு, அதைக் கழற்றினவருடையது.

மாட்டுக்கும் கழுதைக்கும் இவ்வளவு அக்கறை காட்டுகிற கர்த்தர் பிள்ளைக்கு எவ்வளவு அதிகமாய்க் காட்டுவார்! உபாகமம் 22:8-ல், புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்கிறார். கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று எச்சரிக்கிறார். மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுகிற நமக்கு இந்த வசனத்தின் பொருள் நன்றாகவே விளங்கும்.

2019 அக்டோபர் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். தீபாவளி நேரமாயிருந்தும் தமிழகம் முழுவதும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஜெபித்தது. அவன் உயிரோடு திரும்பவில்லை. துக்கத்தில் இருக்கும் அந்தக் குடும்பத்தைக் குறை கூறுவதற்காக நான் இதை நினைவூட்டவில்லை. நம் அனைவரையும் குறித்தே சொல்கிறேன். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிமுறைகளைக் கொடுத்திருந்தது. ஆனால் ஊர் ஊராகத் திறந்த குழிகளைத் தேடித் தேடி மூடியது அந்தப் பிள்ளை போன பிறகுதான். நாம் எப்போதும் விழுந்த பிறகு மூடுகிறவர்களாகவே இருக்கிறோம். விழுவதற்கு முன்னே மூடச் சொல்கிறது வேதம்.

இரண்டு மறுமொழிகள் எனக்குக் கேட்கின்றன.

"போதகரே, இதெல்லாம் உலகக் காரியம். ஆவிக்குரியதைப் பேசுங்கள்" என்று சிலர் சொல்வீர்கள். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் சீனாய் மலையின்மேல் பத்துக் கட்டளைகளைக் கொடுத்த அதே தேவன், அடுத்த அதிகாரத்திலேயே மூடாத குழியைப் பற்றிப் பேசுகிறார். அவருக்கு அது சிறிய காரியமாகத் தெரியவில்லை என்றால், நமக்கு எப்படிச் சிறியதாகும்? கொஞ்சத்தில் உண்மையாயிருக்கிறவனே அநேகத்திலும் உண்மையாயிருப்பான் என்று லூக்கா 16:10-ல் ஆண்டவர் போதித்தார். இந்தப் பேட்டரி மூன்று கிராம்தான் எடை இருக்கும். கொஞ்சம் என்றால் இதைவிடக் கொஞ்சம் எது?

"கர்த்தர் நம் பிள்ளைகளைக் காப்பார், விசுவாசம் இருந்தால் போதும்" என்று வேறு சிலர் சொல்வீர்கள். அவர் காக்கிறார். என் வீட்டில் அன்று காத்தது அவர்தான் என்று முழங்காலில் நின்று அறிக்கையிட்டேன். ஆனால் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தை எண்ணிப்பாருங்கள். தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற சங்கீதத்தின் வாக்குத்தத்தத்தைச் சொல்லி, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னவன் யார்? அதை மறுத்து, தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்றவர் நம் ஆண்டவர். கைக்கு எட்டும் இடத்தில் பேட்டரியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வதற்கு விசுவாசம் என்று பெயரில்லை.

ஆகவே, உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். பேட்டரி மாற்றும்போது பிள்ளைகள் அருகில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பேட்டரியை, மாற்றும் நிமிடம் வரை அதன் உறையை விட்டுப் பிரிக்காதீர்கள். பழையதைக் காட்டிலும் புதியதே அதிக ஆபத்தானது. பழையதைக் கழற்றிய உடனே அதன் இரு பக்கத்தையும் செல்லோ டேப்பால் சுற்றி ஒட்டுங்கள். இப்படிச் செய்தால் மற்ற உலோகங்களோடு உரசித் தீப்பற்றும் அபாயமும் நீங்கும். பிறகு இறுக்கமான மூடி உள்ள ஒரு டப்பாவில் போட்டு, உயரமான அலமாரியில் வையுங்கள். சாவியையே விளையாட்டுப் பொருளாகப் பிள்ளை கையில் கொடுத்து அழுகையை நிறுத்தும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கீழே விழுந்து மூடி தளர்ந்த சாவியையும் ரிமோட்டையும் உடனே சரிசெய்யுங்கள்.

சேர்த்து வைத்ததைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிடவும் கூடாது. அமெரிக்காவில் அந்தச் சட்டம் பிறந்த அதே 2022 ஆகஸ்டில்தான், நம் நாட்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை அறிவித்தது. பயன்படுத்திய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுப்பது நுகர்வோரின் கடமை என்று அந்த விதிகள் சொல்கின்றன. நம் மாநகரின் குப்பை அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல்லுக்குப் போகிறது. நாம் எறிகிற ஒவ்வொன்றையும் அங்கே சேரும்முன் யாரோ ஒரு தூய்மைப் பணியாளர் கையால் தொடுகிறார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மேசையிலிருந்த குழியை அவர் கைக்கு மாற்றிவிடுவது குழியை மூடுவதாகாது. குப்பை வாங்க வருகிறவரிடம், இது பேட்டரி என்று சொல்லி, தனியே கட்டிக் கொடுங்கள். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடம் அருகில் இருந்தால் அங்கே சேருங்கள்.

அடுத்து, சபையாரோடும் சபை மூப்பர்களோடும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் காலத்தில் மெழுகுவர்த்தி ஆராதனை நடத்துகிறோம். நிஜமான மெழுகுவர்த்தியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் தீப்பிடிக்கும் என்று பயந்து, இப்போதெல்லாம் எல்.இ.டி. விளக்குள்ள சிறிய மெழுகுவர்த்திகளை வாங்கிக் கொடுக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவற்றில் பலவற்றின் அடியில் இருப்பது இதே சிஆர் 2032 பேட்டரி. மலிவான வகைகளில் அடிமூடிக்குத் திருகாணி கூட இருப்பதில்லை. நகத்தால் நெம்பினாலே திறந்துவிடும். ஒரு குழியை மூடப்போய் வேறொரு குழியைத் திறந்துவிட்டோம். பாடும் வாழ்த்து அட்டைகளிலும், ஞாயிறு பள்ளியில் பரிசாகக் கொடுக்கும் மின்னும் பொம்மைகளிலும் பட்டன் பேட்டரிகள் இருக்கின்றன. இனி நம் சபையில் திருகாணியால் மூடப்பட்ட விளக்குகளை மட்டுமே வாங்குவோம், அல்லது பென்சில் பேட்டரியில் எரிகிறவற்றை வாங்குவோம். சிறு பிள்ளைகள் சார்பில் பெற்றோரே அவற்றைப் பிடிக்கட்டும். ஆராதனை முடிந்ததும் கொடுத்த எண்ணிக்கையை எண்ணித் திரும்ப வாங்குவோம். காணிக்கையை எண்ணுகிற கவனம் இதற்கும் தகும். ஆலய அலுவலகத்தில் பூட்டுள்ள ஒரு பெட்டியும் வைக்கிறோம். உங்கள் வீட்டுப் பழைய பட்டன் பேட்டரிகளை ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்து அதில் போடலாம்.

ஒருவேளை ஒரு பிள்ளை விழுங்கிவிட்டால், அல்லது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். வாயில் எச்சில் வழிதல், சாப்பிட மறுத்தல், இருமல், வாந்தி, மூச்சில் சத்தம் ஆகியவை அடையாளங்கள். எந்த அடையாளமும் இல்லாமலும் இருக்கலாம். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். சோறோ வாழைப்பழமோ கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கோரிப்பாளையம் அருகேயுள்ள அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ, அவசரப் பிரிவும் எக்ஸ்ரே வசதியும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கோ விரையுங்கள். போகும் வழியில் கொடுக்கத் தேன் உதவும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், விழுங்க முடிகிறவனாக இருக்க வேண்டும், பேட்டரி உள்ளே போய் 12 மணி நேரத்துக்கு மேற்படாதிருக்க வேண்டும். அப்படியானால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி, அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. தேனைத் தேடிப் புறப்பாட்டைத் தாமதிக்கவும் கூடாது. போனவுடன், "பட்டன் பேட்டரி விழுங்கியிருக்கலாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது காசைப் போலவே தோன்றக்கூடும். அதே எண்ணுள்ள வேறொரு பேட்டரியோ அதன் உறையோ இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். மூக்கிலோ காதிலோ நுழைத்துக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

முடிவாக ஒரு வார்த்தை. இதை வாசிக்கிற சிலருடைய இருதயத்தில் வேறொரு குழி நினைவுக்கு வந்திருக்கலாம். பேட்டரியால் வந்தது அல்ல. நீங்கள் கவனியாமல் விட்ட ஏதோ ஒன்றினால் யாரோ ஒருவர் விழுந்துபோன வேதனை அது. உங்கள் பிள்ளைக்கே அது நேர்ந்திருக்கலாம். ஆண்டுகள் பல கடந்தும் உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக் கொண்டிருக்கலாம். உங்களை மேலும் வருத்துவதற்காக நான் எழுதவில்லை. குழிக்கு உடையவன் விலை செலுத்த வேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம். நாம் மூடாமல் விட்ட குழிகளுக்கெல்லாம் விலை செலுத்த நம்மிடத்தில் என்ன இருக்கிறது? நாம் வெட்டின குழிக்குத் தம்மையே ஈடாகக் கொடுத்தவர் கல்வாரியில் தொங்கினார். அவருடைய பாதத்தில் அதை இறக்கிவையுங்கள். மன்னிப்பு உண்டு.

மன்னிக்கப்பட்டவன் சும்மா இருப்பதில்லை. சகேயு தன் வீட்டில் இரட்சிப்பைக் கண்டவுடன், யாருக்கு என்ன திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தான். நாமும் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்போம். மேசை இழுப்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், தையல் பெட்டிக்குள், கழற்றிப்போட்டு மறந்துபோன பட்டன் பேட்டரி ஒன்றாவது கிடக்கும். என் வீட்டில் தேடியபோது நான்கு கிடைத்தன. இந்தக் கட்டுரையை மூடுவதற்கு முன் அதைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஜெபம்: எங்கள் பரலோகப் பிதாவே, சிறியவர்களை மடியில் ஏந்தி ஆசீர்வதித்த உம்முடைய குமாரனுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். நாங்கள் திறந்துவிட்டு மூட மறந்தவைகளை எங்களுக்கு மன்னியும். எங்கள் கவனக்குறைவின் நடுவிலும் எங்கள் பிள்ளைகளைக் காத்த இரக்கத்துக்காக நன்றி சொல்கிறோம். பிள்ளைகளை இழந்து துக்கிக்கிற பெற்றோரை ஆற்றித் தேற்றும். கொஞ்சத்திலே உண்மையாயிருக்கும் கிருபையை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே, ஆமென்.